கூலிச் சீட்டே நமது முதல் பாடப்புத்தகம்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில், மலைக் கிராமங்களிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்திருந்த விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் முன் நிகழ்த்திய உரை.)



முதலில் ஒரு கணக்கு. காப்பித் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்க வரும் மேஸ்திரி பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நூத்துக்கு அஞ்சு வட்டி, அவ்வளவுதான்" என்கிறார். பாங்கியில் பயிர்க்கடன் கேட்டால் நூற்றுக்கு ஏழு என்று எழுதிப் போட்டிருக்கிறது. ஐந்து சின்னது, ஏழு பெரியது. ஆகவே மேஸ்திரி நல்லவர் என்று தோன்றுகிறது.

பாங்கியின் ஏழு வருஷத்துக்கு ஏழு. மேஸ்திரியின் ஐந்து மாதத்துக்கு ஐந்து. பத்தாயிரத்துக்கு மாதம் 500 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு 6,000 ரூபாய். அதாவது வருஷத்துக்கு நூற்றுக்கு அறுபது! அறுபது என்று அவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் நாம் எழுந்து போயிருப்போம். ஐந்து என்றதால் உட்கார்ந்திருக்கிறோம். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடை செய்து 2003-லேயே சட்டம் வந்தது. கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கடனே செல்லாது. சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதற்கு, எத்தனை வாங்கினோம், எத்தனை கழித்தார்கள், எத்தனை பாக்கி என்று நம் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்க வேண்டாமா? அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நமது தோழர்கள் சிலரே "எழுத்தறியாத ஜனங்கள், கணக்கு வழக்குத் தெரியாதவர்கள்" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறோம். இது சரியில்லை. இந்த மலையில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவி ஒருத்தியிடம், எத்தனை மரக்கால் சாமை விதைத்தால் எத்தனை மூட்டை வரும், விதைக்கு எத்தனை படி எடுத்து வைக்க வேண்டும், குத்தினால் எவ்வளவு அரிசி தேறும் என்று கேட்டுப் பாருங்கள். வாய்க்கணக்காகச் சொல்லுவாள். கீழே பஞ்சாலைக்கு வாருங்கள். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை என்று அர்த்தம். இந்த விளக்கத்தைச் சொல்லத் தெரியாத தொழிலாளி, நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து நம்பர் சொல்லிவிடுவார். கணக்கு நம்மிடம் இருக்கிறது. வாயில் இருக்கிறது, விரலில் இருக்கிறது. அது காகிதத்துக்குப் போகும் இடத்தில்தான் கை மாறுகிறது. காகிதம் மேஸ்திரியின் பையில், வியாபாரியின் பெட்டியில், மில் ஆபீசின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வாய்க்கணக்குக்கும் காகிதக் கணக்குக்கும் வழக்கு வந்தால் காகிதமே ஜெயிக்கிறது. கலெக்டர் ஆபீசிலும் அப்படித்தான், கோர்ட்டிலும் அப்படித்தான்.

இதே மலையில், ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூரில், வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986-ல் திறந்த தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் விட்டம். எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரத்தின் ஒளியை அங்கே அளந்து பார்க்கிறார்கள். நமக்கு அதில் பெருமைதான். விஞ்ஞானம் மனித குலத்தின் சொத்து. ஆனால் அந்தத் தொலைநோக்கியின் நிழலில் புளி மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு, தராசு காட்டும் எண்ணை விட்டு வியாபாரியின் முகத்தைப் பார்த்து நிற்கிற மனிதனும் இருக்கிறான்.

அந்தப் புளிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மூட்டை 40 கிலோ நிற்கிறது. சாக்குக்கு ஒரு கிலோ, தூசி துரும்புக்கு இரண்டு கிலோ என்று கழித்து 37 கிலோவுக்குத் துண்டு எழுதுகிறார் என்று வையுங்கள். கிலோ 40 ரூபாய் என்றால் மூட்டைக்கு 120 ரூபாய் போயிற்று. பத்து மூட்டைக்கு 1,200. ஒரு முழு மூட்டையின் விலையே 1,600தான்! பத்து மூட்டை சுமந்து வந்தவன் ஏறக்குறைய முக்கால் மூட்டையை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். வெறும் சாக்கைத் தனியாகத் தராசில் போட்டு எடை பார்க்க யாருக்காவது தோன்றியதா? அடுத்த முறை போட்டுப் பாருங்கள். தராசில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா, எந்த வருஷத்து முத்திரை என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் எடை அளவுகளைப் பரிசோதிப்பது தொழிலாளர் துறையின் பொறுப்பு. அங்கே புகார் கொடுக்கலாம். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தபின், காட்டின் சிறு விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமை மலைவாழ் மக்களுடையது. லேம்ப் சொசைட்டி என்று நாம் சொல்கிற கூட்டுறவு சங்கமும் இதற்காகவே இருக்கிறது. அங்கேயும் ரசீதை வாங்கிப் படிக்கத்தான் வேண்டும். கூட்டுறவு என்று பெயர் இருப்பதால் தராசு தானாக நேராகிவிடாது.

அளவுக்காக நடந்த போராட்டம் நமது இயக்கத்துக்குப் புதிதல்ல. 1940-களில் கீழத் தஞ்சையில் தோழர் பி. சீனிவாசராவ் தலைமையில் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் திரண்டார்கள். சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழிக்க வேண்டும் என்று முழங்கிய அதே மக்கள், முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி போடும்போது ஒரு மரக்கால் என்று வைத்துப் பிழைத்த மிராசுதார்களுக்கு அந்த முத்திரை எவ்வளவு கசந்திருக்கும்! சவுக்கடி உடம்பில் தெரியும். மரக்காலின் அடியில் ஏற்றிய கட்டை தெரியாது. தெரியாத அடியையும் அந்தத் தோழர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். சங்கம்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

நிலைமை எப்படி இருக்கிறது? 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். பழங்குடி மக்களை மட்டும் தனியே எடுத்தால் நூற்றுக்கு 54 பேர். இந்த மலையிலும் ஜனங்கள் படிப்பில் முன்னேறியே வருகிறார்கள். 2024-ல் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றதாகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதினவே, அந்த ஸ்ரீபதி இந்த ஜவ்வாது மலைப் புலியூர்ப் பெண். நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு மகள் நீதிபதி ஆனதைக் காட்டி, அவளுடைய தாய் வயதில் ரேகை வைத்துக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கானவர்களை சர்க்கார் மறந்துவிட விடமாட்டோம்.

சர்க்கார் என்ன செய்கிறது? புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று 2022 முதல் 2027 வரை ஒன்றை அறிவித்தார்கள். ஐந்து வருஷத்துக்கு 1,037 கோடியே 90 லட்சம் ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகை. இன்று கணக்குப் பாடம் அல்லவா, இதையும் வகுத்துப் பார்ப்போம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதவர்கள் 25 கோடியே 76 லட்சம் பேர் என்பது அதே சர்க்கார் 2011 கணக்கெடுப்பிலிருந்து எடுத்துச் சொன்ன எண்ணிக்கை. அதில் 16 கோடியே 68 லட்சம் பேர் பெண்கள். தலைக்கு 40 ரூபாய் சொச்சம் வருகிறது. அதுவும் ஐந்து வருஷத்துக்கு. வருஷத்துக்கு எட்டு ரூபாய், தோழர்களே! அந்தக் காசுக்குக் கீழே பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ கூடக் கிடைக்காது. "எங்கள் இலக்கு ஐந்து கோடிப் பேர்தான்" என்பார்கள். அப்படியானால் தலைக்கு 200 ரூபாய் சொச்சம். மீதி இருபது கோடிப் பேருக்கு மேல் காத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். தொண்டு உயர்ந்ததுதான். ஆனால் பட்டாளத்தைத் தொண்டர்களை வைத்து நடத்துவதில்லை, வரி வசூலைத் தொண்டர்களை வைத்து நடத்துவதில்லை. ஏழையின் படிப்பு என்று வந்தால் மட்டும் சர்க்காருக்குத் தொண்டு நினைவுக்கு வருகிறது.

இந்தத் திட்டம் தொடாத விஷயம் ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தொழிலாளி எந்த நேரத்தில் படிப்பது?

விடியற்காலையில் எழுந்து, வெயிலில் வேலை செய்து, அந்தி சாய்ந்து வீட்டுக்கு வந்தவனை "வா, அ ஆ எழுது" என்று கூப்பிட்டால் தூக்கம்தான் வரும். பெண்களின் பாடு இன்னும் மோசம். ஆண் வந்ததும் திண்ணையில் உட்காருகிறான். பெண் தண்ணீருக்குப் போகிறாள், அடுப்பு மூட்டுகிறாள், பிள்ளைக்குச் சோறு போடுகிறாள். ஏழு மணி வகுப்பு என்று நாம் நோட்டீஸ் போட்டால் அது ஆண்களுக்குப் போட்ட நோட்டீஸ். பிறகு "பெண்கள் வருவதில்லை, ஆர்வமில்லை" என்று அறிக்கை எழுதுவோம்.

1919-ல் ரஷ்யாவில் உள்நாட்டு யுத்தம் நடக்கிறது. ரொட்டி இல்லை, விறகு இல்லை, காகிதமும் இல்லை. அந்த நேரத்தில், டிசம்பர் 26-ந் தேதி, லெனின் கையெழுத்திட்டு ஓர் ஆணை வந்தது. எட்டு வயது முதல் ஐம்பது வயது வரை எழுத்தறியாத ஒவ்வொருவரும் தம் தாய்மொழியிலோ ரஷ்ய மொழியிலோ, அவரவர் விருப்பப்படி, எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. கூலி வேலை செய்பவர்களுக்குப் படிப்பு முடியும்வரை தினம் இரண்டு மணி நேரம் வேலையைக் குறைக்க வேண்டும், கூலியைக் குறைக்கக் கூடாது என்றும் எழுதியது. இராணுவ நிர்வாகத்தில் இருந்த ஆலைகளுக்கு மட்டும்தான் விலக்கு. பசியும் குண்டும் சூழ்ந்த ஒரு சர்க்கார் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க முடிந்தது. அமெரிக்காவுக்கு நூல் ஏற்றுமதி செய்கிற நம் நாட்டு மில்லுக்கு அரை மணி நேரம் கொடுக்க முடியாதாம்!

கியூபாவில் 1961-ஆம் ஆண்டு முழுவதையும் கல்வி ஆண்டாக்கினார்கள். சுமார் ஒரு லட்சம் மாணவர்கள், பலர் மீசை முளைக்காத பையன்களும் பெண்பிள்ளைகளும், கையில் லாந்தர் விளக்கோடு மலைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் போனார்கள். பகலில் விவசாயியோடு வயலில் வேலை, இரவில் பாடம். ஆலைகளிலிருந்து சொல்லிக் கொடுக்கப் போன தொழிலாளிகளுக்குச் சம்பளம் தொடர்ந்தது; அவர்கள் விட்டுப்போன வேலையை உடன் இருந்தவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஏழு லட்சம் பேர் அந்த ஒரே ஆண்டில் எழுதப் படிக்கக் கற்றார்கள். கொன்ராதோ பெனீதெஸ் என்ற பதினெட்டு வயது வாத்தியாரை எதிர்ப்புரட்சிக் கூட்டம் அந்த ஜனவரியிலேயே கொன்றது. எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவனை ஏன் கொல்ல வேண்டும்? எழுத்து எங்கே போய் முடியும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்து நெல்லூர் ஜில்லாவுக்கு வாருங்கள். 1991-92-ல் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவு வகுப்பில் ஒரு பாடம் படித்தார்கள். சாராயத்தால் குடும்பம் சீரழிந்த ஒரு பெண்ணின் கதை. படித்து முடித்த பெண்கள் புத்தகத்தை மூடிவிட்டு நேராகச் சாராயக் கடைக்குப் போனார்கள், கடை மூடிற்று. அங்கே பற்றியது ஆந்திரா முழுவதும் பரவி, 1993 அக்டோபரில் சாராயத்தைத் தடை செய்யும்படி சர்க்காரையே தள்ளிற்று.

நம் புதுக்கோட்டையில் 1991-92-ல் நடந்த அறிவொளி இயக்கம் பற்றிப் பலருக்குத் தெரியும். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார், ஆயிரக்கணக்கான தொண்டர்கள் உழைத்தார்கள். பெண்கள் சைக்கிள் கற்றது நாடெங்கும் செய்தி ஆயிற்று. நமக்கு அதில் முக்கியமாகப் படுவது கல்குவாரி. கான்டிராக்டரின் கீழ் கல் உடைத்துக் கடனில் கிடந்த பெண்கள் வகுப்புக்கு வந்தார்கள். பிறகு குவாரியை அந்தப் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். எத்தனை லோடு போயிற்று, என்ன விலை, வெடிமருந்துக்கு எவ்வளவு, கையில் எவ்வளவு மிஞ்சும்? கல் உடைத்தபோது இந்தக் கேள்விகளைக் கேட்க அவர்களை யாரும் விடவில்லை. குத்தகை கைக்கு வந்ததும் கேட்டே தீர வேண்டியதாயிற்று. ஆகவே கணக்கு ஓடி வந்தது. இதை ஆழ்ந்து யோசியுங்கள், தோழர்களே. கணக்குக் கற்றதால் குவாரி கிடைத்ததா, குவாரி கிடைத்ததால் கணக்கு வந்ததா? இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. கையில் அதிகாரம் எதுவும் இல்லாதவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், தான் எவ்வளவு ஏமாறுகிறோம் என்று பைசா சுத்தமாகத் தெரிந்துகொண்டு ஏமாறுவான். சங்கமும் வகுப்பும் சேர்ந்து வர வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

எழுத்து இல்லாத இடத்தில் மரணமும் வருகிறது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி, திருப்பதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் தனிப்படை சுட்டு இருபது தொழிலாளிகள் செத்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலைப் பகுதியிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. செம்மரத்தை வெளிநாட்டுக்கு விற்றுக் கோடி சேர்த்தவனின் பெயர் எந்தப் பிணத்தின் பையிலும் இல்லை. யார் கூட்டிப் போனார், என்ன வேலை என்று சொன்னார், எவ்வளவு முன்பணம் என்று எழுதிய ஒரு காகிதமும் இல்லாமல் மலையிலிருந்து ஆள் இறங்கிப் போகிறான். இனி எந்த வேலைக்கு, எந்த ஊருக்குப் போனாலும், கூட்டிப் போகிறவரின் பெயர், போன் நம்பர், போகும் ஊர், பேசிய கூலி, வாங்கிய முன்பணம் இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

கைநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரேகை வைப்பது அவமானம், கையெழுத்துப் போடுவது கௌரவம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெயரை மட்டும் வரையக் கற்றுக் கொடுத்துவிட்டு, "இந்த ஊரில் எல்லோரும் எழுத்தறிந்தவர்கள்" என்று போர்டு மாட்டிய கதையெல்லாம் நாம் பார்த்தோம். இது ரேகையைவிட ஆபத்தானது. ரேகை வைத்தவன் "எனக்குப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டவில்லை" என்று வாதாட இடம் உண்டு. கையெழுத்துப் போட்டவனைப் பார்த்து, "படித்துப் பார்த்துத்தானே போட்டாய்?" என்று கேட்பார்கள். படிக்க வருகிறவரை வெற்றுத் தாளில் கையெழுத்தும் கிடையாது, ரேகையும் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. கைநாட்டுக் காலம் போய்விட்டது, எல்லாம் பாங்கி வழியாக வருகிறது என்கிறார்கள். ஊருக்கு வரும் பாங்கி ஏஜெண்டிடம் ஒரு சிறிய மெஷின் இருக்கிறது. அதில் என்ன வைக்கிறோம்? கட்டைவிரல்! பழைய கைநாட்டுக்கு மை வேண்டியிருந்தது; புதிய கைநாட்டுக்கு அதுவும் வேண்டாம். எவ்வளவு எடுத்தார், எவ்வளவு கையில் கொடுத்தார், எவ்வளவு மிச்சம் என்று அச்சிட்ட துண்டு வரும். அதைக் கேட்டு வாங்கி, எண்ணை வாசித்துப் பார்த்துவிட்டு நகருங்கள். எண் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். செல்போனில் மகனை அழைக்கப் பத்து இலக்கத்தை அழுத்துகிறவருக்கு எண் தெரியும்.

இனி வகுப்பை எப்படி நடத்துவது என்பதைப் பார்ப்போம். "அணில், ஆடு" என்று குழந்தைப் பாடம் வேண்டாம். ஐம்பது வயது மனிதரை அணில் படத்தின் முன் உட்கார வைத்தால் அவருக்கு வெட்கம் வருகிறது, மறுநாள் வரமாட்டார். கூலி, நாள், பாக்கி, எடை, முன்பணம் என்ற ஐந்து சொற்களை முதலில் எழுதுவோம். அவை வருகிற கூலிச் சீட்டையே கரும்பலகையில் பெரிதாக வரைவோம். பஞ்சாலைத் தோழர்களுக்கு வருங்கால வைப்பு நிதி நல்ல பாடம். நூற்றுக்குப் பன்னிரண்டு நம் சம்பளத்தில் பிடிப்பார்கள், பத்தாயிரத்துக்கு 1,200. முதலாளியும் தன் பங்கைக் கட்ட வேண்டும். இரண்டு பங்கையும் நம் கூலியிலேயே பிடித்திருக்கிறார்களா என்று சீட்டில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் சதவீதப் பாடம். பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் மில் விடுதியில் வைத்து, முடிந்ததும் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிச் சுமங்கலித் திட்டம் என்று கொண்டு போனார்களே, அதை வகுத்தல் பாடமாக வைக்கலாம். 36,000 ரூபாய் என்று வையுங்கள். முப்பத்தாறு மாதத்தால் வகுத்தால் மாதம் ஆயிரம். தினக்கூலியில் குறைத்த காசையே மூட்டை கட்டி, கல்யாணப் பரிசு என்று திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் நின்றுவிட்ட பெண்ணுக்கு அதுவும் போயிற்று.

விவசாயத் தொழிலாளருக்கு மண் வெட்டும் கணக்கு. 2006-ல் 100 நாள் வேலை முதலில் தொடங்கிய ஜில்லாக்களில் நமது திருவண்ணாமலையும் ஒன்று. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். அதைப் பற்றிய நம் கண்டனத்தை ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம். சட்டத்தின் பெயர் எதுவானாலும் மண்ணை நீளம், அகலம், ஆழம் என்றுதான் அளப்பார்கள். பத்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் ஆழம் வெட்டினால் ஒன்பது கன மீட்டர். ஆழத்தை இருபத்தைந்து என்று எழுதினால் ஏழரை. ஐந்து சென்டிமீட்டரில், அதாவது இரண்டு விரற்கடையில், ஒன்றரை கன மீட்டர் கூலி மறைந்துவிடுகிறது! டேப்பின் ஒரு முனையை நம் ஆள் பிடிக்க வேண்டும், எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும்.

தோல் தொழிற்சாலைத் தோழர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. டிரம்மில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகளை வாசிக்கக் கற்க வேண்டியது அவசியம். ஆனால் விஷவாயுத் தொட்டியில் இறக்கி ஆள் செத்தபின், "அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று பழியைப் பிணத்தின் மேல் போட முதலாளியை விடக் கூடாது. படித்தவன் இறங்கினாலும் அந்த வாயு கொல்லும். தொட்டியைப் பாதுகாப்பாக வைப்பது அவன் பொறுப்பு.

வகுப்புக்கு வந்து பாதியில் நின்றவர்கள் பலர். "மண்டையில் ஏறவில்லை" என்கிறார்கள். விசாரித்தால், நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு இருப்பது வெள்ளெழுத்து! புத்தகம் கையில் இருந்தால் எழுத்து மங்குகிறது, தள்ளிப் பிடித்தால் கை எட்டவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு கண்ணாடி. சங்க நிதியில் முதல் செலவு சிலேட்டா, கண்ணாடியா என்று கேட்டால் கண்ணாடி என்றே சொல்லுவோம். சொல்லிக் கொடுக்கிறவர்கள் மலை ஜனங்களின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. ஒருமுறை சிரித்தால் வகுப்பு காலி.

இனி நமது கோரிக்கை. தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் வேலை நேரத்துக்குள், கூலிப் பிடித்தம் இல்லாமல், வாரத்தில் இரண்டு மணி நேரமாவது படிப்புக்கு வேண்டும். இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளர் படிப்பைக் கவனிக்கும் சங்கப் பிரதிநிதிகளுக்குச் சம்பளத்தோடு நேரம் ஒதுக்க வேண்டும். அங்கே சங்கங்கள் வேலையிடத்திலேயே எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தன. அதற்கான கல்வி நிதி 1998-ல் வந்தது. 2021 மார்ச்சோடு சர்க்கார் அதை நிறுத்திவிட்டது. வாங்கியதைக் காப்பாற்றவும் பலம் வேண்டும்.

அடுத்தது கூலிச் சீட்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்த நான்கு தொகுப்புச் சட்டங்களை நாம் எதிர்க்கிறோம். ஏன் என்பது தனிக் கூட்டத்துக்கு உரிய விஷயம். ஆனால் ஊதியத் தொகுப்பின் 50-ஆம் பிரிவு, முதலாளி கூலிச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. அவர்கள் எழுதியதையே அவர்களிடம் நீட்டுவோம். விவசாய வேலைக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்காதவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாதாம்! விவசாயத் தொழிலாளியைக் கழற்றிவிட எங்கே ஓட்டை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அந்த இடத்தில் நம் நோட்டுத்தான் சீட்டு. தேதி, வேலை, கூலி, வந்தது, பாக்கி என்று ஐந்து கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

வரும் சந்தை நாளில், சந்தை கலைந்தபின், இங்கேயே முதல் வகுப்பு. பெண்களுக்கு எந்த நேரம் தோது என்பதை அவர்களே கூடிப் பேசிச் சொல்லட்டும், அந்த நேரத்துக்கு ஆண்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். சிலேட்டு வேண்டாம், பல்பம் வேண்டாம். கூலிச் சீட்டு, எடைத் துண்டு, பாங்கித் துண்டு, மேஸ்திரி எழுதிக் கொடுத்த எந்தக் கசங்கிய காகிதம் வீட்டில் இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் வெறும் கையோடு வந்து பெயரைச் சொல்லுங்கள். யார் யாருக்குக் கொடுக்கவில்லை என்ற பட்டியலை அன்றைய முதல் எழுத்து வேலையாக எழுதிக்கொள்வோம்.